ஒரு நாள் முழுக்கச் சேர்த்தது

என் கணவர் கூச்சத்தோடு பிறந்தவர். வயிற்றுப்போக்கு வந்தால்கூட "உடம்பு கொஞ்சம் சரியில்ல" என்பார். எந்த இடத்தில் என்று கேட்டால் "பொதுவா" என்பார். நானோ பாலர் வகுப்பு டீச்சர். காலையிலிருந்து மத்தியானம் வரை "டீச்சர், ஒன்னுக்கு" என்று கை உயர்த்துகிற பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறவள். எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்தவர்கள் ஜாதகம் பார்த்தார்களே தவிர, இதைப் பார்க்கவில்லை.

அவருடைய அப்பா வடக்கிலிருந்து அரசாங்க வேலையாக மாற்றலாகி வந்தவர். இவர் பிறந்தது, படித்தது எல்லாம் மாத்தளையில்தான். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை லிகிதர், எழுத்தர்களுக்கெல்லாம் பெரியவர். சிங்களத்தில் கடிதம் எழுதினால் மேலதிகாரிகள் ஒரு எழுத்தைத் திருத்த மாட்டார்கள். எங்களுக்குப் பிள்ளையில்லை. இரத்தோட்டை ரோட்டில் ஒரு சின்ன வீடு. அதில் அவர், நான், என் அம்மா, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. தலைவலிக்கிறது என்று கண்ணாடி மாற்றப் போனார். கண் டாக்டர் பிரஷர் பார்க்கச் சொல்லி அனுப்பினார். பிரஷர் பார்த்த டாக்டர் வேறு சில டெஸ்டுகள் எழுதிக் கொடுத்தார். அதில், சிறுநீரில் ஏதோ சத்து கசிகிறது என்று வந்தது. கடைசியில் கண்டியில் சிறுநீரக டாக்டர் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்தோம். நிதானமாகப் பேசுகிற பெரிய மனிதர். சிங்களத்தில்தான் பேசினோம். "நல்ல வேளை, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது" என்றார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும், அதற்கு இரத்தமும் வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரும் வேண்டும் என்றார்.

லேபில் இருந்த பெண் ஒரு பெரிய வெள்ளைக் கேனைக் கொடுத்தாள். காலையில் முதலில் போவதை விட்டுவிட வேண்டும், அதன் பிறகு மறுநாள் காலை வரை ஒரு துளி விடாமல் இதில் சேர வேண்டும், சூடான இடத்தில் வைக்கக் கூடாது என்று சத்தமாக விளக்கினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். என் ஆள் அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ப்பது, திங்கட்கிழமை லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் கக்கூஸ் பின்முற்றத்தின் கோடியில், தகரக் கூரையோடு இருந்தது. உச்சி வெயிலில் உள்ளே நிற்க முடியாது. அதனால் கேனைச் சமைக்கிற குசினி மூலையில் தண்ணீர் ஊற்றிய பேசினுக்குள் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய்வர வேண்டும். காலையில் அக்கம்பக்கம் பார்த்து, கேனுக்கு மேலே துவாயைப் போர்த்திக்கொண்டு போய்வந்தார்.

பத்து மணிக்கு என் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். இரத்தோட்டையிலிருந்து முத்துமாரியம்மன் கோயிலுக்கு வந்தவர்கள், அப்படியே சாப்பிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். அண்ணி குசினியில் என்னோடு, அண்ணன் பின்முற்றத்து வாங்குப் பலகையில். பொழுது சாயும் வரை இருந்தார்கள். நான் சமையலிலும் பேச்சிலும் கேனை மறந்தே போனேன். இரண்டு மூன்று தரம் அவர் வெறுங்கையோடு முற்றத்தைக் கடந்து போயிருக்கிறார். மச்சான் பார்க்க, கேனோடு எப்படிப் போவது? இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையும் பைகளும் பார்ப்பது அப்போது வழக்கம். ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை. அட்டையில் தமிழ்ப் பேரைப் பார்த்ததும் ஒரு தடவை முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நாங்கள் பழகியிருந்தோம். ஆர்மிக்காரன் கேனைக் காட்டி, "மொகத மே?" என்று கேட்டான். இது என்ன என்று அர்த்தம். சிங்களத்தில் அதற்குச் சரியான, மரியாதையான சொல் இருக்கிறது. முத்ரா. டாக்டரும் நர்ஸும் சொல்லுகிற சொல். ஆனால் அது நம்முடைய பச்சைத் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்து வீடு. அவருடைய நாக்கு அந்தப் படியேறாது. "பெஹெத்" என்றார். மருந்து! அவன் தலையாட்டி விட்டுவிட்டான். பஸ்ஸில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரிசல்ட் வந்த அன்றைக்குச் சிரிப்பில்லை. மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்று வந்திருந்தது. டாக்டர் இரத்த ரிப்போர்ட்டையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இரத்தத்தில் இவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே" என்றார். "எல்லாவற்றையும் சேர்த்தீர்களா?" என்று கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு "ஆமாம்" என்றார். ஒரு மாதம் மருந்து போட்டு, உப்பைக் குறைத்து, திரும்பவும் ஒரு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர். அப்போதும் இதே மாதிரி இருந்தால், இரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற மெஷினைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார்.

அந்த நாட்களில் அவர் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பேன். எங்கேயாவது குண்டு வெடித்தால், சுற்றிவளைப்பு என்றால், முதலில் நினைப்பு அவரிடம்தான் ஓடும். ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று நினைத்து, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய முதுகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். சாமி படத்தைக்கூட இரண்டு நாள் முறைத்தேன்.

கருவாட்டை அடுப்படியிலிருந்து நாடு கடத்தினேன். ஊறுகாய்ப் போத்தல் பக்கத்து வீட்டுக்குப் போனது. உப்பில்லாத பருப்பை வாயில் வைத்து, "நல்லாயிருக்கு" என்பார் அவர். அம்மா, பாவம், அவளுக்கு வருத்தம், நோய் என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் மருமகனோடு சேர்ந்து அதையே சாப்பிட்டாள். "வாய்க்கு வெளங்கல்லதான். அவரு தனியா சாப்பிடக் கூடாதுல்ல?" என்றாள். அம்மா அவரை அவ்வளவு நேசித்தாள் என்று அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, "இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். கையில் ஃபியூஸ் கட்டை.

"இந்தக் கம்பிய இப்படிச் சுத்தணும். ரொம்ப இறுக்கக் கூடாது. பார்த்துக்க."

"எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சா நல்லதுதானே?"

"கரண்ட் போனா நீங்க போடுங்க."

"நான் இல்லாத நேரம் போச்சுன்னா?"

"நீங்க எங்க போறீங்க?"

அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன்.

"எனக்கு ஃபியூஸும் போடத் தெரியாது, தண்ணி டேங்கையும் தெரியாது, கூரை ஓட்டையும் மாத்தத் தெரியாது. ஒன்னுமே கத்துக்க மாட்டேன். கத்துக்கிட்டா நீங்க நிம்மதியா போயிருவீங்க! கீழ எறங்குங்க!"

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் இறங்கி வந்தார். "சரி, சரி. கத்துக்காத" என்றார். அப்போது அவர் வேறு என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. நானும் அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

இரண்டாவது தடவைக்கு ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளைப் பார்த்து வைத்தோம். அன்றைக்கு யாரும் வரக் கூடாது என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னவர் அவர்தான். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ஓய்வா இருக்கலாம்னுதான்" என்றார். அன்று முழுக்க வீட்டைவிட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டு அம்மா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றபோதுகூட, காது சிவக்கச் சிவக்கக் கேனோடு முற்றத்தைக் கடந்தார். மனுஷனுக்கு என்ன வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பாலத்தடியில் கெடுபிடி அதிகம். என் பையை ஒரு பெண் பொலிஸ் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசையில் ஆர்மிக்காரப் பையன் ஒருவன் கேனைத் தூக்கிப் பார்த்து, "மொகத மே?" என்றான்.

"பெஹெத்" என்றார் இவர், பழைய ஞாபகத்தில்.

இவ்வளவு மருந்தா என்று கேட்டான் அவன். யாருக்கு என்று கேட்டான். "எனக்கு" என்றார். அவன் கேனை அவர் முன்னால் நீட்டினான்.

"அப்படியென்றால் கொஞ்சம் குடித்துக் காட்டுங்கள்."

சும்மா சொல்லவில்லை. போத்தலில் எதைக் கொண்டுபோனாலும் குடித்துக் காட்டச் சொல்லுகிற காலம் அது. என் கணவரின் முகம் போன போக்கை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அவர் விழிப்பதைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் ஏறிவிட்டது. துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, கேனின் மூடியைத் திருகினான். கொஞ்சம் தரையில் ஊற்றிப் பார்க்கப்போகிறான் என்று சாய்த்த விதத்திலேயே தெரிந்தது.

"ஹலன்ன எபா!" என்று ஒரு சத்தம். ஊற்றாதே என்று. இத்தனை வருஷத்தில் அவர் குரல் அந்த உயரத்துக்குப் போய் நான் கேட்டதில்லை. "அது என்னுடைய முத்ரா! ஒரு நாள் முழுக்கச் சேர்த்தது! ஒரு துளி குறைந்தாலும் கணக்குத் தப்பிவிடும்! ஊற்றாதே!"

வரிசையில் நின்ற சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் புரிகிற சொல் அது. பின்னால் யாரோ சிரிக்க, அது அப்படியே வரிசை முழுக்கப் பரவியது. பெண் பொலிஸ்கூட என் பையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பிள்ளையைக் கேட்கிறவர் மாதிரி நின்றார்.

அந்தப் பையனும் சிரிக்கவில்லை. "வகுகடுத?" என்று மெதுவாகக் கேட்டான். சிறுநீரகமா என்று. இவர் தலையாட்டினார். அவன் மூடியை இறுக்கித் திருகி, சிந்தாமல் பஸ் வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு வந்து, முன்சீட்டுக்கு அடியில் வைத்தான். அவனுடைய வீட்டிலும் யாருக்கோ இருந்திருக்க வேண்டும். கேட்கத்தான் நினைத்தேன், பஸ் எடுத்துவிட்டார்கள்.

ரிசல்ட்டுக்குப் போன அன்று நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"பாதிக்கு மேலே வேலை செய்கிறது" என்றார். "போனது திரும்பி வராது. ஆனால் மருந்தையும் சாப்பாட்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், இப்படியே நெடுங்காலம் ஓட்டலாம். மெஷின் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்." பிறகு இவரைப் பார்த்தார். "போன தடவை சேர்த்த அளவு இதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லையே. உண்மையைச் சொல்லுங்கள்."

கச்சேரியின் தலைமை லிகிதர் குனிந்துகொண்டு, "மனைவியின் அண்ணன் வந்திருந்தார், சேர்" என்றார்.

டாக்டர் சிரித்த சிரிப்பு வெளியே நின்ற நர்ஸுக்கே கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவருக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கட்டுகஸ்தோட்டை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தேன்.

"ஒரு மாசம். நான் பட்ட பாட்ட பார்த்துக்கிட்டே இருந்தீங்க. அளவு கொறஞ்சிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? வெக்கமா?"

"மொதல்ல வெக்கந்தான்" என்றார். "அன்னைக்கு ஃபியூஸ் போடுறப்ப சொல்லத்தான் வந்தேன். சொன்னா, அப்ப ஒன்னும் இருக்காதுன்னு நீ நம்பிருவ. நம்பினதுக்கப்புறம் ரெண்டாவதும் அப்படியே வந்திருந்தா என்ன செய்வ? ஒருக்கா அழுததோட போகட்டும்னு நெனச்சேன்."

அந்த நம்பிக்கையை அவரும் ஒரு மாதம் தொடாமலே வைத்திருந்திருக்கிறார். தனக்கும் தராமல், எனக்கும் தராமல், உப்பில்லாத பருப்பை நல்லாயிருக்கு என்று விழுங்கிக்கொண்டு. எனக்குக் கண் மறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லால் நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

"போடா" என்றேன்.

அவர் திடுக்கிட்டு, யாருக்காவது கேட்டுவிட்டதா என்று முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பிறகு என் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.