எடையை மெதுவாச் சொல்லுங்க

தொண்ணூறுகளின் பின்பாதியில் அடையாறில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். செவ்வாய்தோறும் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் குழந்தைகளோடு வருவார்கள். வயிற்றிலோ பிரசவத்திலோ தாயிடமிருந்தே கிருமி தொற்றிய குழந்தைகள். அதற்கான மருந்து எங்கள் கைக்கு எட்டாத விலை. எங்களிடம் இருந்தது சளிக்கும் பேதிக்கும் கொடுக்கிற சிரப்பும் ஓர் எடை மெஷினும்தான். எடை ஏறினால் பிள்ளை தாக்குப்பிடிக்கிறது, இறங்கினால் இல்லை. அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

எடையை உரக்கச் சொன்னால் தாய்மார்களுக்கு ஆகாது. கண்ணு பட்டுவிடுமாம். "மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர்" என்பார்கள். இருக்கிற சீக்கு போதாதா, கண்ணு வேறு பட வேண்டுமா என்று எரிச்சல் வரும். ஆனாலும் மெதுவாகத்தான் சொன்னேன். கத்துவதற்கு முதலில் தெம்பு வேண்டுமே.

தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை மடித்து வைக்கும் ஒருத்தி வருவாள். புருஷன் இல்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை, இன்னும் நிற்கக்கூட இல்லை. பக்கத்தில் எப்போதும் நந்தனத்துக்காரி ஒருத்தி, அதே வயதுப் பையனோடு. "எங்க துன்னுது, எளைச்சுக்கினே போவுது" என்று வாரா வாரம் புலம்புவாள். எல்லாம் கண்ணுக்குப் பயந்து சொல்கிற பொய். ஜவுளிக்கடைக்காரி அதை நம்பினாள். இளைப்பது தன் பிள்ளை மட்டும் இல்லை என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பையனை எடை போடும்போது ஜவுளிக்கடைக்காரி பின்னாலேயே நின்றிருந்தாள். முள் எங்கே போய் நின்றது என்று பார்த்துவிட்டாள். சண்டை ஏதும் போடவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே சீக்குதானே சிஸ்டர். அவ புள்ள ஏறிக்கினே போவுது, என்னுது மட்டும் ஏன் எறங்குது?"

டாக்டர் எனக்குக் காரணங்களைச் சொல்லியிருந்தார். கிருமி வயிற்றிலேயே தொற்றியதா, பிரசவத்திலா என்பது ஒன்று. முதல் சில மாதங்களிலேயே நிமோனியா வந்ததா என்பது ஒன்று. எல்லாவற்றையும்விட, சுமக்கும்போது தாய்க்கு நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பது. நந்தனத்துக்காரி அப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். இவளுக்கோ வாயெல்லாம் வெள்ளை படிந்து கஞ்சிகூட இறங்கவில்லை. இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? விதி என்று சொல்லலாம். சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப் போயிருந்தது.

"மறைக்காத சொல்லுங்க. வவுத்துல இருக்கசொல்ல நான் சீக்கா கெடந்தேனே, அதனாலயா?"

"அதுவும் ஒரு காரணம்மா. ஆனா உன் தப்பு இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப எனக்கும் சீக்கு முத்திப் போச்சு."

நான் எடை எழுதும் நோட்டை மூடி வைத்தேன்.

"நான் இதுக்கு முன்னாடி பூட்டா இத்த யாரு தூக்குவாங்க? இது குடிச்ச டம்ளரக்கூட எங்க மாமியா தொட மாட்டாங்க."

பெற்றவள் கண் முன்னால் பிள்ளை போகக் கூடாது என்றுதான் ஊரில் எந்தத் தாயும் சாமியிடம் கேட்பாள். இவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை என் மேஜைமேல் நீட்டி வைத்தாள்.

"எனக்கு எதுனா சத்து ஊசி போடுங்க சிஸ்டர். இது போறவரைக்கும் நான் இருந்தாப் போதும்."