மீன் தலை போட்ட உரத் தண்ணி

எர்ணாவூரில் எங்கள் மொட்டை மாடியில் தொட்டிகளில் காய்கறி போட்டிருக்கிறேன். மக்கிய உரத்தைத் துணியில் முடிந்து, வெல்லம் கரைத்த வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுவேன். கீழ்வீட்டு அக்கா டோல்கேட் பக்கம் மீன் விற்பவள். ஒரு நாள் துணி காயப்போட வந்தவள் வாளியை மோந்து பார்த்தாள்.

"நாத்தமே இல்லியே. இது இன்னா உரம்?"

"நாறக் கூடாதுக்கா. நாறினா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்று பெரிதாகப் பாடம் நடத்தினேன். என்னைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை வாளியில் நாலு மீன் தலை மிதந்தது. சுற்றிலும் ஏழு பூனைகள். கீழே போய் அக்காவிடம் கத்து கத்தென்று கத்தினேன். அக்கா அசையவே இல்லை.

"ஊத்திப் பாரு" என்றாள்.

கொட்டவும் மனசில்லாமல், காய்க்காது என்று நான் கைவிட்டிருந்த கத்திரிச் செடிக்கு மட்டும், நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். அடுத்த மாதம் அது கிளை வளையக் காய்த்தது. வெட்கத்தை விட்டு, மடி நிறையக் காயோடு கீழே இறங்கினேன். அன்றைக்கே கருவாடு போட்டுக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். காய் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா கீது. இன்னும் ரெண்டு தலை போட்டிருக்கலாம்."