முந்திச் சொல்லும் ஸ்தோத்திரம்

"எந்திரிச்சதும் ஒனக்கு என்ன வேலை கெடக்கு? மொதல்ல அதச் சொல்லு."

காய்ச்சலில் கிடக்கும் மாரியாத்தாளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஏசம்மாள் கேட்கிறாள். ஜின்னிங் ஆலையில் பஞ்சு பொறுக்கிவிட்டு நேரே வந்திருக்கிறாள். புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சுத் தூசி. மாரியாத்தாள் முனகுகிறாள். எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்ட வேண்டும். அடுப்பு உடைந்து கிடக்கிறது.

"அம்புட்டுத்தானா? சரி, மருந்தக் குடி. குடிச்சாத்தான் ஜெபம்."

அவள் குடித்த பிறகு ஏசம்மாள் கண்ணை மூடிக்கொள்கிறாள். "ஆண்டவரே, கேட்டீரா? எருமை காத்துக் கெடக்கு. அடுப்பு ஒடஞ்சு கெடக்கு. இவளப் படுக்கப் போட்டுட்டா அதையெல்லாம் யாரு பாக்க, நீரா வந்து பாப்பீர்? ஆமென்."

ஜெபம் அவ்வளவுதான். நான் நர்ஸாக வேலை பார்த்த ரங்கூன் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் எத்தனையோ பேர் ஜெபம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கடவுளை இப்படி வேலைக்கு விரட்டுகிறவர்களைப் பார்த்ததில்லை.

"எங்க சாமி கோவிச்சுக்கிடாதாக்கா?" என்று மாரியாத்தாள் கவலைப்படுகிறாள்.

"ஒங்க சாமிகிட்ட நீ பேசு. எங்க சாமிகிட்ட நான் பேசுதேன். ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும். எருமைக்கு நீதான வேணும்?"

ராஜபாளையத்தில் ஓலைக்கூரை போட்ட சின்ன வேதக்கோயில் ஏசம்மாளின் சபையாருடையது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் உபதேசியார் நேசையன் வாசலில் நின்று விண்ணப்பங்களைக் கேட்டுக்கொள்வார். நோயாளிகளின் பெயர் விண்ணப்பத்தில் வரும். குணமானவர்களின் பெயர் நன்றி சொல்லும் ஸ்தோத்திரத்தில் வரும். ஏசம்மாள் மட்டும் பாயில் கிடப்பவர்களின் பெயரையும் ஸ்தோத்திரத்தில்தான் கொடுப்பாள். இருவருக்கும் வாரந்தவறாமல் இதில் சண்டை.

"ஏசம்மா, அவ இன்னும் கண்ணு முழிக்கல. ஸ்தோத்திரத்துக்கு என்ன அவசரம்?"

"நீங்க கல்யாண ஓலை வாசிக்கீங்களே, தாலி கட்டின பொறவா வாசிக்கீங்க? கட்டப் போறாகன்னுதான மூணு வாரம் வாசிக்கீங்க? அதக் கேட்டு நாங்க சந்தோசப்படலையா?"

"ஓலை வாசிச்சு நின்னுபோன கல்யாணமும் இருக்கு."

"அது மாப்பிள்ளையோட கோளாறு. ஆண்டவரு மேல ஏன் போடுதீங்க?"

உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஆனால் அந்தப் பெயரை விண்ணப்பத்தில்தான் சேர்ப்பார்.

சென்ற மழைக்காலத்தில் அந்த நேசையனே டைபாய்டில் விழுந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். இந்த வாரத்தைத் தாண்டட்டும், பிறகு பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு ஆராதனை நடத்த வந்த வெளியூர்ப் பெரியவர், "நம் உபதேசியாருக்காக விண்ணப்பம் செய்வோம்" என்று ஆரம்பித்தார். ஏசம்மாள் எழுந்துவிட்டாள்.

"அய்யா, அது ஸ்தோத்திரத்துல வரணும். அவிய எந்திரிச்சதுக்காக ஸ்தோத்திரம்!"

கணவருக்கு மாற்றுத் துணி எடுத்துப்போக வந்திருந்த உபதேசியாரின் மனைவி அன்னத்தாய் பெண்கள் பக்கத்திலிருந்து பாய்ந்து எழுந்தாள். "அவிய ஆள அடையாளம் தெரியாமக் கெடக்காக. ஒங்களுக்கு இது வெளையாட்டா இருக்கா? நாளைக்கு ஒண்ணுன்னா இந்த ஸ்தோத்திரத்த எங்க கொண்டு வைப்பீக?" அழுதுகொண்டே வெளியே போனாள்.

மறுநாள் ஆலைச் சங்கு ஊதியதும் ஏசம்மாள் ரயிலேறினாள். நோயாளியைப் பார்க்க நானும் போனேன்.

"நீங்கள் யாருக்கெல்லாம் முந்தி ஸ்தோத்திரம் சொன்னீர்களோ அவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா?" என்று ரயிலில் கேட்டேன்.

"அதெப்படி? எம் மூத்த பயலுக்கே சொன்னேன். போயிட்டான்."

"பிறகு?"

"சொன்ன ஸ்தோத்திரத்தத் திருப்பியா கேக்க முடியும்? கெடக்கட்டும்னு விட்டுட்டேன்." முந்தானையால் காதோரத்துப் பஞ்சைத் துடைத்தாள். "இவியளும் போயிட்டா அன்னத்தாயி எம் மொகத்துல முழிக்க மாட்டா. அது சரிதான் ஏட்டி. அவ புருசன்லா."

ஆஸ்பத்திரியில் ஏசம்மாளைக் கண்டதும் அன்னத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏசம்மாள் நேரே கட்டில் பக்கம் போனாள். துணியை நனைத்து நோயாளியின் நெற்றியில் போட்டாள். காய்ந்ததும் மறுபடி நனைத்தாள். சுரவேகத்தில் உபதேசியார் கண்ணை மூடியபடியே ஓலை வாசிக்கத் தொடங்கினார். "இவ்விருவருக்கும் விவாகம் நடக்க யாதொரு தடையிருந்தால்..."

"தடை ஒண்ணுமில்ல. நீங்க கஞ்சியக் குடிங்க" என்றாள் ஏசம்மாள், கரண்டியை நீட்டி.

அன்னத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் போய் அழுதாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கஞ்சி புகட்டினார்கள். அந்த வாரம் முழுக்க அப்படியே கழிந்தது. ஒரு காலையில் தலையணை நனைய வியர்த்துச் சுரம் இறங்கியது. உபதேசியார் கண் திறந்து அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "ஏசம்மா, ஆலைக்குப் போகலையா?"

அவர் திரும்பக் கோயிலுக்கு வந்த ஞாயிறன்று கூட்டம் வாசல் வரை வழிந்தது. முடியெல்லாம் கொட்டி, சட்டை தொளதொளக்க, உபதேசியார் வேதப்புத்தக மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கம் திரும்பினார்.

"ஏசம்மா, எந்திரிங்க. எனக்காக ஸ்தோத்திரம் சொல்லுங்க."

"அதத்தான் அப்பவே சொல்லியாச்சே" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே.

கோயிலே சிரித்தது. அன்னத்தாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உபதேசியாருக்கும் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அப்ப நானே சொல்லிக்கிடுதேன்" என்று மேசையிலிருந்து கையெடுத்துக் கூப்பி, கண்ணை மூடினார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நான் மூடவில்லை. மேசையை விட்டதும் அவர் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசம்மாளும் கண்ணை மூடவில்லை. சத்தமில்லாமல் எழுந்து, சுவரோரமாகவே நடந்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவர் சட்டையைத் தொட்டும் தொடாமலும் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.