கஞ்சித் தொட்டியும் என் இரும்பு வால்வும்

எங்கள் தெருவில் நான் யாருக்கும் தெரியாமல் எங்கும் போய்வர முடிந்ததில்லை. நெஞ்சுக்குள் வைத்திருந்த இரும்பு வால்வு, போகிற இடமெல்லாம் டிக் டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் திடீரென்று அமைதியாகித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அமைப்பாளர் டீச்சரான நான் பின்னால் வருவது அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்கு இது நல்ல கேலி. "ஊருல எல்லா பொண்டாட்டியும் சொல்லாம வந்து நிப்பாங்க. எம் பொண்டாட்டி மணியடிச்சிட்டுத்தான் வருவா," என்பார்.

சின்ன வயதில் எனக்கு மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்தது. நாற்றங்காலில் தண்ணீரிலேயே நின்றதால் வந்த வீக்கம் என்று வீட்டில் பத்துப் போட்டார்கள். தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கிற அந்தக் காய்ச்சல், மூட்டை விட்டுவிட்டு இதயத்தின் வால்வைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. கல்யாணம் ஆகி, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே சத்துணவு வேலையும் கிடைத்திருந்த சமயம். வாய்க்கால் கரை ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

வால்வு சுருங்கிச் சுண்ணாம்பு பூத்துவிட்டது, பழுதுபார்க்க வழியில்லை என்று சென்னையில் சொன்னார்கள். நெஞ்செலும்பை நடுவே பிளந்து, ரத்தத்தை ஓட்டுகிற வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து, இதயத்தைக் குளிரவைத்து நிறுத்தி, பழையதை வெட்டியெடுத்துவிட்டு இரும்பு வால்வைத் தைத்தார்கள். உண்மையில் அது இரும்பு இல்லை, வேறு ஏதோ உலோகமும் கரியும் சேர்ந்தது. ஆனால் எங்கள் தெருவில் கனமாக இருப்பதெல்லாம் இரும்புதான்.

அந்த வால்வு ஆயுசுக்கும் தேயாது. ஆனால் அதன் மேல் ரத்தம் உறைந்து ஒட்டப் பார்க்கும். அதனால் ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மாதாமாதம் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, மாத்திரை அளவு சரியா என்று பார்க்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், அதனால் கீரைப் பக்கமே போகக்கூடாது. வரப்பில் கீரை பறித்தே வளர்ந்தவளுக்கு இது பெரிய தண்டனை. ஆனாலும் வாயைக் கட்டினேன். பல வருஷம் வால்வு ஒழுங்காக அடித்தது.

பிறகு அந்தக் குறுவை அறுவடை வந்தது. அறுப்புக் கூலியை உயர்த்தித் தர வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். கேட்டால் வெளியூரிலிருந்து அறுவடை இயந்திரத்தை இறக்குவோம் என்றார்கள் நிலக்காரர்கள். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் எங்கள் மதகுச் சுவரில் சின்னம்தான் மாறும், கூலிக்கு நாங்கள்தான் நிற்க வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு என் வீட்டுக்காரர்தான் கிளைச் செயலாளர். வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டு வந்து, தெரு நடுவில் அண்டாவை ஏற்றச் சொன்னார்.

வேலைநிறுத்தம் என்றால் எங்கள் தெருவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தனி அடுப்பு எரியக் கூடாது. அரிசி இருக்கிற வீடு அரிசி கொண்டுவரும், இல்லாத வீடு கீரை பறித்து வரும், நத்தை பொறுக்கி வரும். எல்லாம் ஒரே அண்டாவில் வெந்து, எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்போம். கஞ்சித் தொட்டி என்று அதற்குப் பெயர். முதலில் கஞ்சியில் கீரை மிதந்தது. போராட்டம் நீள நீளக் கீரையில் கஞ்சி மிதந்தது. வரப்பில் ஆரைக்கீரை, வாய்க்காலில் வள்ளைக்கீரை, வேலியோரம் முருங்கை என்று கண்ணில் பட்ட பச்சையெல்லாம் அண்டாவுக்குள் போனது.

எங்கள் தெருப் பெண்கள் விவரம் தெரிந்தவர்கள். "அண்ணி, நீங்க வீட்டுல தனியா சோறு வடிச்சிக்குங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்றாள் ஒருத்தி. அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தெருவில் மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். செயலாளர் பெண்டாட்டியும் நான்தான். என் கூரையிலிருந்து புகை கிளம்பினால், செயலாளர் வீட்டில் மட்டும் சோறு வேகிறது என்ற செய்தி நிலக்காரர்கள் களத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? நான் தட்டை நீட்டினேன். அந்த மாதம் தஞ்சாவூருக்கும் போகவில்லை. தெருவே பட்டினி கிடக்கும்போது ரத்தச் சோதனைக்கு பஸ் ஏற மனசு வரவில்லை.

நான் செய்தது பிசகு என்று டாக்டர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இன்றைக்கு அதே அண்டா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் தட்டை நீட்டத்தான் செய்வேன்.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் பேச்சுவார்த்தைக்குப் புறப்படுவதற்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார்.

"உன் சத்தம் எங்க?" என்றார்.

நானும் கவனித்துக் கேட்டேன். கடிகாரத்தின் மேல் துணியைப் போட்டு மூடினது மாதிரி, வால்வு எங்கேயோ உள்ளே அமுங்கி அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே எனக்கு இளைப்பு இருந்தது. பட்டினிக் களைப்பு என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பேச வேற ஆளுங்க இருக்காங்க. நீ கெளம்பு," என்றார். தஞ்சாவூரில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

எனக்கு முதலில் ஆபரேஷன் செய்த அதே டாக்டர்தான் வந்தார். எக்ஸ்ரே திரையில் என் வால்வைக் காட்டினார். இரண்டு இதழில் ஒன்று திறந்து மூடியது, இன்னொன்று அசையவில்லை. உறைந்த ரத்தம் அதைப் பிடித்திருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் கரைந்து இளைப்பு குறைந்தது, ஆனால் இதழ் விடுபடவில்லை.

"மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும்மா," என்றார் டாக்டர். "ரெண்டாவது தடவை கஷ்டம். முதல் தடவை திறந்த எலும்புக்கு அடியில இதயம் ஒட்டிக்கிட்டிருக்கும். எலும்பை அறுக்கிறப்போ அதையும் அறுத்துடக் கூடாது. அதனால முன்னாடியே தொடையில ரத்தக் குழாயை எடுத்து இயந்திரத்தைத் தயாரா வச்சுக்குவோம்."

பிறகு ஊரையும் போராட்டத்தையும் விசாரித்தார். தனக்கும் வலங்கைமான் பக்கம்தான் என்றார். "எங்க அப்பா வயல்லயும் உங்க சங்கத்துக் கொடி நட்டிருக்கு," என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் போனதும், "நிலக்காரர் வீட்டுப் புள்ளையா இவரு? இவரு கையிலயா உன்னைக் குடுக்கிறது?" என்றார்.

"போன தடவையும் இவருதான தொறந்தாரு. அப்ப நீங்க பட்டா சிட்டாவா கேட்டீங்க?" என்றேன்.

மறுநாள் டாக்டர் எந்த வால்வு வைப்பது என்று பேச வந்தார். மறுபடியும் உலோக வால்வு வைக்கலாம், அது தேயாது, ஆனால் மாத்திரையும் சோதனையும் சாகிற வரைக்கும் உண்டு. இல்லையென்றால் மாட்டின் இதயத்தைச் சுற்றி இருக்கும் சவ்வில் செய்த வால்வு வைக்கலாம். என் துடிப்பு சீராக இருப்பதால், முதல் சில மாதம் போனதும் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆனால் சவ்வு தேய்ந்துபோகும். பத்து வருஷமோ, கூடக் கொஞ்சமோ தாங்கும். பிறகு மூன்றாவது தடவை நெஞ்சைத் திறக்க வேண்டும், அது இதைவிடக் கஷ்டம். "உங்க வயசுக்கு உலோகம்தான்மா வழக்கம்," என்றார்.

"இரும்பே வைங்க டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர்.

"மாடே வைங்க சார்," என்றேன் நான்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன். "அடுத்த வருஷமும் கூலி கேப்போம் சார். மறுபடியும் அண்டா ஏறும். கார்த்திகையில புயல் அடிச்சா வாய்க்கால் ஒடைஞ்சு பஸ் நிக்கும். அப்பல்லாம் தஞ்சாவூர் போயி என் ரத்தத்தை யாரு அளந்து பாப்பா? தேயாத வால்வுங்கிறீங்க. அது தேயாதுதான். ஆனா அதைக் காப்பாத்த நான் ஊரோட சேந்து சாப்பிடாம, பஸ்ஸை எதிர்பாத்தே ஒக்காந்திருக்கணும். நான் எங்க இருக்கேனோ அந்த எடத்துக்குத் தோதான வால்வா வைங்க."

அவர் கோபப்படவில்லை. கீரையை அறவே விடவேண்டியதில்லை, தினமும் ஒரே அளவு சாப்பிட்டால் மாத்திரையை அதற்குத் தக்கபடி வைக்கலாம், இப்போது அப்படியும் செய்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். "ஒரே அளவு சாப்பாடு எங்க தெருவுல எந்த வருஷம் சார் இருந்துச்சு?" என்றேன். "யோசிச்சுட்டு நாளைக்குக் காலையில சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் அதைச் செய்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரும் நானும் சண்டை போட்டோம். நிலக்காரர்களிடம் மணிக்கணக்கில் பேசிப் படியவைக்கிற மனுஷன் என்னிடமும் அதே வித்தையைக் காட்டிப் பார்த்தார். பிள்ளை இல்லாத வீடு, நமக்கு நாம்தான் என்றார். மாதாமாதம் தஞ்சாவூருக்குத் தானே கூட வருவதாகச் சொன்னார். ஜெயிலுக்குப் போனால் யார் வருவார்கள் என்று கேட்டேன். தெருவில் பேசி எனக்குத் தனிச் சட்டி வைக்க ஏற்பாடு செய்கிறேன் என்றார். வைத்தால் உடைப்பேன் என்றேன். கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"முன்னாடி ஒரு தடவை கதவுக்கு வெளியில ஒக்காந்திருந்தேன். நாளன்னைக்கும் ஒக்காந்திருவேன். மூணாவது தடவைக்கு எனக்குத் தெம்பு இல்ல, புள்ள," என்றார்.

போலீஸ் தடிக்கு முன்னால் நகராமல் நிற்கிற ஆள் அவர். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்காக விட்டுக்கொடுத்திருந்தால், ஊருக்குத் திரும்பி அவரோடு சேர்ந்து வாழ்கிற வாழ்க்கையைத்தான் விட்டுக்கொடுத்திருப்பேன். காலையில் டாக்டரிடம் மாட்டு வால்வு என்று சொன்னேன்.

எலும்பில் இதயம் ஒட்டித்தான் இருந்ததாம். பிரித்தெடுக்கவே பாதி நாள் ஆனது என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் கண் விழித்தபோது உள்ளே சத்தமே இல்லை. செத்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, கூலி படிந்துவிட்டது, ஊரிலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். "கேட்டதுல பாதிக்கு மேல," என்றார். போதாது என்றேன்.

சில மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு போராட்டம், இரண்டு வெள்ளம், ஒரு பெரும்புயல் பார்த்துவிட்டேன். தெருவோடு நின்று அண்டாவில் கிடைத்ததைக் குடித்தேன். டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி வால்வு ஓடியது. என் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் கரை ஏறும்போதெல்லாம் பின்னால் நின்று என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொள்வேன்.

அவர் மாரடைப்பில் போனார். வயலிலிருந்து திரும்புகிற வழியில், ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. மறு வருஷம் எனக்குப் பழைய இளைப்பு வந்தது. சவ்வு தேய்ந்துவிட்டது என்று எக்கோ சோதனையில் தெரிந்தது. தனியாகவே சென்னைக்குப் போனேன். மறுபடியும் எலும்பை அறுக்கச் சொல்லி, நெஞ்சைக் கொடுக்கத் தயாராகத்தான் போனேன்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். அவரிடம் படித்த பெண் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டாம்மா," என்றார். தொடை நரம்பு வழியாக மடக்கின வால்வை இதயத்துக்குக் கொண்டுபோய், பழைய மாட்டு வால்வுக்குள்ளேயே விரித்து வைத்துவிடுவார்களாம். இப்போது அந்த வசதி வந்திருக்கிறதாம். பழையது உலோகமாக இருந்திருந்தால் அதற்குள் இப்படிச் செய்ய முடியாதாம். "ஓரிரு நாள்ல நடந்தே வீட்டுக்குப் போயிடலாம். சந்தோஷம்தானே?" என்று கேட்டார்.

சந்தோஷம் வரவில்லை. என் வீட்டுக்காரர் மேல் கோபம்தான் வந்தது. மூன்றாவது தடவை என் நெஞ்சைப் பிளப்பார்களே என்று அத்தனை வருஷமும் என் பக்கத்தில் பயந்துகொண்டே படுத்திருந்த மனுஷன், பிளக்க வேண்டாம் என்ற சொல்லைக் கேட்காமலே போய்விட்டார்.