கடற்கரைச் சுவரில் ஒரு கைக்குட்டை

நீலக் கட்டம் போட்ட பழைய கைக்குட்டை அது. தாராவியிலிருக்கும் என் மதினி அதை லோக்கல் ரயிலில் இடம் பிடிக்க மட்டுமே வைத்திருந்தார். வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக சீட்டில் எறிவார். பிறகு நிதானமாக ஏறுவார்.

மும்பை மரைன் டிரைவில் விமான சாகசம் என்றாலே நண்பர்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். நானும் பெரிய அனுபவசாலி போலச் சொல்வேன்: காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் தண்ணீரும் வேண்டும், குழந்தைகள் காதுக்குப் பஞ்சு வையுங்கள், முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடாமல் கூட்டம் கலையும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். எல்லாம் மதினி சொன்னவை. அவர் சொன்னதில் முக்கியமான ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. கால் ஓரளவு தேறியது, மனசு தேறவில்லை. பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள் என்று வாசலைத் தாண்ட மறுத்தார். நாங்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. இப்படியே முடங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. விமான சாகசம் பற்றிக் கேள்விப்பட்ட அன்று மதினி அவரிடம் சொன்னார்: “அங்க அம்புட்டுப் பேரும் வானத்தத்தான் பாப்பாவ. ஒங்கள யாரு பாக்கப் போறா?”  மறுநாள் அண்ணன் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

போனோம். அண்ணனால் வெகுநேரம் நிற்க முடியாது. மதினி கடற்கரைச் சுவரில் கைக்குட்டையை விரித்து, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகலாம் என்றார். இதென்ன மாஹிம் லோக்கலா என்று கேலி செய்தேன். வரிசையில் நின்று திரும்பியபோது சுவரே தெரியாத கூட்டம். அண்ணன் முகம் வாடியது. வீட்டுக்குப் போவோம் என்றார். ஆனால் கைக்குட்டை கிடந்த இடத்தில் மட்டும் ஆள் இல்லை. பக்கத்திலிருந்த மராத்திக்காரப் பெண், ருமாலை, அதாவது கைக்குட்டையைப் பார்த்ததால் யாரையும் உட்கார விடவில்லை என்று இந்தியில் சொல்லி நகர்ந்துகொண்டார். விமானங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனபோது, அண்ணன் அந்தக் கோணல் வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். நானும் மதினியும் மட்டும்தான் அதைப் பார்த்தோம்.

இந்த ஆண்டு செம்பூரிலிருந்து புறப்படும் முன் போன் செய்தேன். “ஒங்க அண்ணன் வெள்ளனவே போயிட்டாவ தம்பி, ருமால் போட” என்றார் மதினி. வழியில் அவரோடு சேர்ந்துகொண்டு போய்ப் பார்த்தால், சுவரில் நீலக் கட்டக் கைக்குட்டை, பக்கத்தில் கைத்தடியோடு அண்ணன். விமானம் வர இன்னும் நேரமிருந்தது. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவிலும் அண்ணன் எழுந்து நின்று, கையை ஆட்டி, எங்களைச் சத்தமாகக் கூப்பிட்டார்.