தொண்டை சரியில்லை என்று சொன்னேன்

செய்தி வந்தபோது நான் மும்பை செம்பூர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தும் பாஸ்கர் அழைத்தார். கீபோர்டு வாசிப்பவர். வேலை நாளில் பகலில் அழைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "லலிதாம்மா, நம்ம எஸ்தர் இறந்துட்டா. காலைல அவங்கம்மா எழுப்பப் போயிருக்காங்க, எந்திரிக்கல" என்றார். அப்போது என் மனதில் எழுந்த முதல் எண்ணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் கூட்டத்திடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எஸ்தரின் பாட்டைக் கேட்க தாராவியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களே, உங்களுக்கு என் குரல் தெரியும். அவள் மேடையேறும் முன் "இதோ, நம் நெஞ்சைத் தொட வருகிறார்" என்று ஒன்பது வருடம் அறிவித்தவள் நான்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த அஞ்சலியை எழுத ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

அவளை முதலில் பார்த்தது தாராவியில், தோல் பை தைக்கும் ஒரு பட்டறையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின்கள் ஓடாது என்பதால் எங்கள் ஒத்திகைக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தார்கள். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் பெண் என்று யாரோ சொல்லி வந்திருந்தாள். இருபது வயது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேரே போய் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டேன். "உள்ள அது மூச்சு விடுததக் கையில பிடிச்சுக்கிட்டா எனக்கும் மூச்சு வரும்க்கா" என்றாள். கடைசி நிகழ்ச்சி வரைக்கும் அந்தக் கை அங்கேதான் இருந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

அன்று அவள் கையில் ஒரு நோட்டு. எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டெல்லாம் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். முனிசிபல் பள்ளியில் இந்தி படித்த பிள்ளை, தமிழ் படிக்கத் தெரியாது. மாட்டுங்காவின் தமிழ்த் தெருக்களில் வளர்ந்த எனக்குத் தமிழ் உச்சரிப்பில் கொஞ்சம் கர்வம் உண்டு. "தமிழ் பாடறதுக்குத் தமிழ் எழுத்து வேண்டாமாடி?" என்று கிண்டல் செய்தேன். அவள் கோபப்படவில்லை. "எழுத்து எதுவா இருந்தா என்னக்கா? அழுகை தமிழ்லதான வருது" என்றாள். பிறகு பாடினாள். பாஸ்கர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் அப்புறம் எழுத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

உச்சத்துக்குப் போய்க் கைதட்டல் வாங்கும் குரல் அல்ல அது. கீழே இறங்கும் குரல். எல்லோரும் ஏறிக் காட்டுகிற இடத்தில் அவள் ஒரு படி இறங்குவாள், கேட்பவர்களும் கூடவே இறங்க வேண்டியிருக்கும். கல்யாணில் ஒரு குடியிருப்பில் பாடியபோது, மகனுக்குப் பரீட்சை, சத்தத்தைக் குறையுங்கள் என்று ஒருவர் கோபமாகக் கீழே இறங்கி வந்தார். எஸ்தர் அப்போது ஒரு தாலாட்டின் நடுவில் இருந்தாள். அவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பாட்டு கேட்டார். வந்த காரியத்தை யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார்.

இப்படிப் பாடுகிறவளுக்கு மேடை என்றால் பயம். உங்களுக்கு இது தெரிந்திருக்காது. கைகால் நடுங்கும், வாந்தி வரும். மாட்டுங்காவில் ஒரு பொங்கல் விழா அன்று டாக்சியில் தாமதமாக வந்து இறங்கினாள். கண் செருகியிருந்தது. பக்கத்தில் போனால் இனிப்பு மருந்து வாடை. "என்னடி இது, கண்ணெல்லாம் இப்படி இருக்கு?" என்றேன். சிரித்தாள். இருமல் மருந்து குடித்திருந்தாள். தூக்கமும் கிறக்கமும் தருகிற வகை. ஒரு சளிக் காய்ச்சலுக்கு யாரோ கொடுத்ததாம். குடித்த அன்று பயமே தெரியவில்லையாம். "ரெண்டு மூடி குடிச்சாப் போதும்க்கா. முன்னால இருக்க சனம் பூரா எங்கம்மா மாரித் தெரியுது" என்றாள்.

ரெண்டு மூடி எப்போதோ அரை பாட்டில் ஆகியிருந்தது. அன்று அவளால் நேராக நிற்க முடியவில்லை. கூட்டம் காத்திருக்கிறது, பாஸ்கர் என்னைப் பார்க்கிறார். நான் மைக்கைப் பிடித்தேன். "மூன்று நாட்களாக நம் எஸ்தருக்குத் தொண்டை சரியில்லை. மருத்துவர் பாடக் கூடாது என்று சொல்லியும் உங்களுக்காக ஓடி வந்திருக்கிறார்" என்றேன். என்ன கைதட்டல்! அவள் இரண்டு பாட்டு, உட்கார்ந்துகொண்டே பாடினாள். நீங்கள் கண் கலங்கினீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு அது எங்கள் குழுவின் வழக்கமாகிவிட்டது. எஸ்தர் வரவில்லையென்றால் தொண்டை. பாட்டின் நடுவில் வரி மறந்தால் தொண்டை. மேடையிலேயே கண் மூடிச் சாய்ந்தால் அதுவும் தொண்டைதான். அட்டையில் எழுதிக்கூட வைத்திருந்தேன், பதற்றத்தில் தடுமாறக் கூடாதே என்று. ஒரு பெண், கல்யாணமாகாதவள், போதைக்கு அடிமை என்று வெளியே தெரிந்தால் தாராவியில் அவள் அம்மா தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். குழுவையும் சேர்த்துத்தான்.

நம் ஆட்கள் பாடகிக்கு மாலை போடுவதோடு நிற்பவர்களா? தொண்டை சரியில்லை என்று கேட்டதும் கை மருந்தோடு வர ஆரம்பித்தார்கள். பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகு தட்டிப் போட்ட தேன். மேடைப் படியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை வைத்தோம், அதில் போட்டுவிட்டுப் போவார்கள். வடாலாவில் டாக்சி ஓட்டும் ஆறுமுகத்தை உங்களுக்குத் தெரியும், முதல் வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவாரே, அவர்தான். அவர் ஒரு நாள் இரண்டு பாட்டில் இருமல் மருந்தோடு வந்தார். "எங்கப்பாவுக்கு நாள்பட்ட இருமலு. டாக்டர் எழுதிக் கொடுத்தது. நல்லாக் கேக்கும், ஒரே வாரத்துல தொண்டை திறந்திரும். தங்கச்சிட்ட குடுத்திருங்கக்கா" என்றார். வாங்கிப் பார்த்தேன். அதே மருந்து. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே? என்னிடம் இருந்தது ஒரே காரணம்தான், அதைச் சொல்ல முடியாது. வாங்கித் தூக்குவாளிக்குள் வைத்தேன்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டு வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எஸ்தர் தூக்கின் முன்னால் குத்தவைத்து உட்காருவாள். பனங்கற்கண்டை ஒதுக்குவாள், தேனை ஒதுக்குவாள், பாட்டில்களை மட்டும் எடுத்துப் பைக்குள் வைப்பாள். என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். நானும் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் அவளாகவே ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்ந்தாள். இரண்டு மாதம் இருந்தாள். திரும்பி வந்தபோது கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது, கண் தெளிவாக இருந்தது. வந்த பிறகு அவளுடைய முதல் நிகழ்ச்சி செம்பூரில். மாலை ஆறு மணிக்கு மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னைக்கு நான் சொல்லுதத அட்டையில எழுதுங்க. எனக்குப் பேச வராது. நீங்க சொன்னா சனம் நம்பும்."

சொன்னாள், எழுதினேன். பாதியில் நான் ஒரு வார்த்தையைத் திருத்தப் போனதும் தடுத்தாள். "செந்தமிழ் ஆக்கிராதீங்கக்கா. நான் சொன்ன மாரியே சொல்லுங்க. அது போதும்க்கா."

முழுவதையும் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். கணபதி பண்டிகைக்கு வரிசையாக நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டிருந்தோம். "இந்த ஒரு சீசன் போகட்டுமேடி. அப்பறம் நானே சொல்றேன். இப்ப எதுக்கு எல்லார் வாயிலயும் விழணும்?" என்றேன். அவள் வாதாடவில்லை. "உங்க இஷ்டம்க்கா" என்றாள்.

மேடையேறினேன். அட்டை கைப்பைக்குள் இருந்தது. சும்மாவாவது இருந்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா? "உங்கள் பிரார்த்தனையாலும், நீங்கள் அன்போடு கொடுத்த மருந்துகளாலும், எஸ்தரின் தொண்டை முழுவதும் குணமாகிவிட்டது!" என்று முழங்கினேன். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். ஸ்பீக்கரில் கை வைத்தபடி அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அன்று அவள் பாடியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மருந்து இல்லாமல், பயத்தோடு பாடினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஒன்பது வருடத்தில் அவ்வளவு நன்றாக அவள் பாடியதில்லை. முடிந்ததும் நீங்கள் மேடைக்கு வந்தீர்கள். உங்கள் மருந்தால்தான் குணம் என்று நானே சொன்ன பிறகு வேறு எதைக் கொண்டு வருவீர்கள்? அடுத்த நிகழ்ச்சியிலேயே தூக்கு நிறைந்து, பக்கத்தில் ஒரு துணிப்பையும் வைக்க வேண்டியிருந்தது. அதை அவள் இரண்டு நிகழ்ச்சி வரை தொடவில்லை. மூன்றாவதில் எடுத்துக்கொண்டு போனாள்.

கணபதி முடிந்தது, நவராத்திரி முடிந்தது. நான் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. மருந்தோடு தூக்க மாத்திரையும் சேர்ந்துவிட்டது, தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். முப்பது நிரம்பவில்லை அவளுக்கு.

மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு காலை இரங்கல் கூட்டம் வைத்தோம். திடீர் உடல்நலக் குறைவு என்று சொல்லச் சொன்னார் பாஸ்கர். சொன்னேன். பழக்கம்தானே. அவள் படத்தின் முன்னால் யாரோ பனங்கற்கண்டுப் பொட்டலம் வைத்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஆறுமுகம் என்னிடம் வந்தார். பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"தொண்டையில புத்துநோயா வந்திருந்துதுக்கா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. நான் கடைசியாக் கொண்டாந்தது ரெண்டே பாட்டில்தான். இன்னும் நாலு சேத்துக் குடுத்திருந்தா பொழச்சிருப்பாளோ?"

அன்று மாலையே தாராவிக்குப் போய் எஸ்தரின் அம்மாவைப் பார்த்தேன். அட்டையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் தைத்துக்கொண்டிருந்த பையின் நூலை அறுத்துக் கீழே வைத்தார். "எம்மவ சொல்லச் சொன்னதுதான? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா நீங்க" என்றார்.

ஆறுமுகம், உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் கொடுத்தது குறைவாகிப் போய் அவள் சாகவில்லை. நீங்கள் கொடுத்ததாலும் சாகவில்லை. நீங்கள் நான் சொன்னதை நம்பினீர்கள், அவ்வளவுதான். அந்தப் பழி என்னுடையது. அதை நான் யாருடனும் பங்கு போட மாட்டேன்.

அவளுடைய நோட்டு அவள் அம்மாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த அட்டை மட்டும்தான். நான் இனி மேடையில் அறிவிக்கப் போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனாலும் இதை மட்டும் அறிவித்துவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் உரக்க வாசித்துக் காட்டுங்கள். எஸ்தர் சொன்னபடியே தருகிறேன், ஒரு சொல்லும் திருத்தவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. நான் இருமல் மருந்தைப் போதைக்குக் குடிச்சேன். இப்ப ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்திருக்கேன். நீங்க ஆசையாக் கொண்டாந்ததத்தான் குடிச்சேன், ஆனா அது உங்க தப்பு இல்ல. இனிமே எனக்கு மருந்து கொண்டு வராதீங்க. பனங்கற்கண்டு கொண்டாங்க, அது எனக்குப் பிடிக்கும். இன்னைக்குப் பயந்துக்கிட்டேதான் பாடப்போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."