எண்ணூர் சாலையில் ஃபாக் லைட்

விடிந்தும் வெளிச்சமில்லை. பனியோடு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து எண்ணூர் சாலையை மூடியிருக்கிறது. நெல்லூருக்குப் போகிற வழியில் பைக்கை ஓரங்கட்டி, ஃபாக் லைட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கிறேன். வெளிச்சம் தாழவே விழுந்தால் எதிரே வருவது தெரியாது.

சாலையைக் கடக்க மீன் கூடையோடு நிற்கும் பெண் என்னிடம் வருகிறார்.

"கீழ எறக்கு நைனா. இப்டிதான் ஒரு பைக்கு லைட்டு லாரிக்காரன் கண்ணுல அடிச்சுது. ரோட்ட தாண்டிக்கினு இருந்த என் புள்ளய அவன் பாக்கல. அங்கயே போய்ட்டான் என் புள்ள."

"எப்பம்மா?"

"போன மார்கழில."

ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்துகிறேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பைக்குக்கு எதிரே சற்றுத் தள்ளிப் போய் நிற்கிறார்.

"இன்னும் எறக்கு."

வெளிச்சம் அவர் முகத்தை விட்டு மெல்ல இறங்கிக் கால்களில் விழுகிறது.

"இப்ப கண்ணு கூசல," என்கிறார். "போ."